புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் படிக்கிறவர்களைவிட மதிப்புரை எழுதுகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. படிப்பதற்குப் பொழுது வேண்டும். மதிப்புரை எழுத முன்னட்டையும் பின்னட்டையும் போதும்.

அந்தக் காட்டில் சுப்புராயன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். மனைவி தைலம்மை, பிள்ளைகள் இரண்டு பேர். ஓடைக்கரை மேட்டில் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். சுப்புராயன் பெரிய அறிவாளி இல்லை, முட்டாளும் இல்லை. எழுத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டால் நம்பிவிடுகிற ரகம். அந்த ரகத்துக்கு இந்த உலகத்தில் என்ன நடக்குமோ அதுதான் அவருக்கும் நடந்தது.

முந்தின வருசம் 'வளை வாழ்வு: மழைக்கால வளை அமைக்க முழுமையான கையேடு' என்றொரு புத்தகம் வெளியானது. எழுதியவர் சிகாமணி என்கிற கருமந்தி. மருதமரத்தடியில் இருந்த மதிப்புரை மன்றம் அதற்கு ஆறு மதிப்புரைகள் வெளியிட்டது. அந்தக் காட்டில் புத்தகங்களுக்கு மதிப்பெண் நாவல்பழக் கணக்கில்தான். ஐந்து பழம் வாங்கிவிட்டால் அதற்கு மேல் வானம். ஆறு மதிப்புரைகளிலும் ஐந்து பழம். 'எளிய நடை' என்றது ஒன்று. 'ஆசிரியரின் உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் பளிச்சிடுகிறது' என்றது இன்னொன்று. 'ஒவ்வொரு வளையிலும் இருக்க வேண்டிய நூல்' என்று ஆறுமே முடிந்தன. ஓரிரு அச்சுப்பிழைகளை அடுத்த பதிப்பில் தவிர்க்கலாம் என்பதையும் ஆறு பேரும் மறக்கவில்லை.

சுப்புராயன் ஆறையும் படித்தார். புத்தகத்தை வாங்கிவந்தார். பக்கம் பக்கமாகப் பார்த்துப் புது வளை தோண்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், 'வாசல் ஓடையைப் பார்த்து இருக்கட்டும், காற்று நன்றாக வரும்' என்று போட்டிருந்தது. அப்படியே வைத்தார். காற்று நன்றாகத்தான் வந்தது. ஐப்பசியில் ஓடையும் வந்தது.

சேர்த்து வைத்த கிழங்கெல்லாம் போனது. அது போகட்டும். கடைக்குட்டி வடிவு தண்ணீரைக் குடித்துவிட்டாள். தலைகீழாகப் பிடித்து உலுக்கி, முதுகில் தட்டி, ஒருவழியாக மூச்சு வந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் இருமினாள். அவள் இருமும்போதெல்லாம் சுப்புராயனுக்கு அந்த ஆறு மதிப்புரைகளும் வரி வரியாக ஞாபகம் வந்தன.

"போனது போகட்டுங்க. அடுத்த ஐப்பசிக்காவது நாம நாலு பேரும் காஞ்ச தரையில படுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் தைலம்மை.

"படுப்போம் தைலம். நான் பார்த்துக்கறேன்" என்றார் சுப்புராயன். சொன்ன கையோடு கிளம்பி மருதமரத்தடிக்குப் போனார்.

மன்றத்தின் ஆசிரியர் மரகதம்மாள் என்கிற காட்டெருமை. பதினெட்டு வருசமாக அந்த மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டே மதிப்புரை வெளியிட்டு வந்தவர்.

"அம்மா, இந்தப் புத்தகத்துக்கு அஞ்சு பழம் குடுத்த ஆறு பேரும் இதைப் படிச்சாங்களா?" என்று கேட்டார் சுப்புராயன்.

மரகதம்மாள் அசைபோடுவதை நிறுத்தினார். அவருடைய பதவிக்காலத்தில் இப்படியொரு கேள்வி வந்ததில்லை.

"எதுக்குப் படிக்கணும்?"

"மதிப்புரை எழுதத்தான்."

"அது எப்படிங்க முடியும்? மதிப்புரைக்கு வர்ற பிரதியைக் கசங்காம திருப்பித் தரணும். வருசக் கடைசியில நல்லா எழுதின மதிப்புரையாளருக்கு அதைத்தானே பரிசாக் குடுக்கறோம்? மடிப்பு விழுந்த புத்தகத்தைப் பரிசாக் குடுத்தா மன்றத்துக்கு மரியாதையா?"

அதுதான் அங்கே வழக்கம். ஒரு விரல் அகலத்துக்கு மேல் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. கெட்டிக்காரர்கள் அந்த இடுக்கில் ஒரு கண்ணை வைத்து முன்னுரையில் பாதியைப் பார்த்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் பரிசு கிடைக்கும். பரிசாகப் போன புத்தகத்தையும் யாரும் பிரிப்பதில்லை. பரிசைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை அல்லவா?

"என் பிள்ளை தண்ணி குடிச்சுச் செத்துப் பொழைச்சிருக்கா" என்றார் சுப்புராயன்.

மரகதம்மாளுக்கும் பிள்ளைகள் உண்டு. கொஞ்சம் இளகினார். "இரண்டாம் பதிப்பு வந்திருக்கு. நீங்களே எழுதிக் குடுங்க, போட்டுடலாம். பிரிச்சே பாருங்க, ஒரு தடவை கண்டுக்காம விடறேன்" என்றார்.

இரண்டாம் பதிப்பில் அட்டை மட்டும்தான் புதிது. உள்ளே அதே நாற்பத்து மூன்றாம் பக்கம், அதே காற்று.

சுப்புராயன் அந்தப் புத்தகத்தை நன்றாக, முதுகு முறிகிற மாதிரி, விரியப் பிரித்தார். பிறகு மேட்டில் ஐந்து வளை தோண்டினார். முதல் வளை, புத்தகத்தில் சொன்னபடி அச்சு அசலாக. இரண்டாவதில் வாசலை மட்டும் மாற்றினார். மூன்றாவதில் வாசலோடு சரிவையும் மாற்றினார். இப்படி ஒவ்வொன்றிலும் ஓரிரு திருத்தங்கள் கூடிக்கொண்டே போயின. தைலம்மை சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு வந்து வாசலில் ஊற்ற, சுப்புராயன் உள்ளே உட்கார்ந்து எத்தனையாவது குடுக்கையில் தன் பின்பக்கம் நனைகிறது என்று எண்ணினார். புத்தகத்து வளையில் நாலாவது குடுக்கையிலேயே நனைந்தது. ஐந்தாவது வளையில் நூற்றுப்பத்துக் குடுக்கை ஊற்றியும் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. தைலம்மையின் தோள்தான் கழன்றது.

"இதுக்கு மேல ஊத்தணும்னா நீங்க வெளியில வந்து ஊத்துங்க, நான் உள்ளே உட்கார்ந்து எண்றேன்" என்றார் தைலம்மை. சுப்புராயன் சோதனையை அத்துடன் முடித்துக்கொண்டார்.

பிறகு எழுத உட்கார்ந்தார். அந்தக் காட்டில் எழுதுகோல் என்றால் முள்ளம்பன்றி முள், தாள் என்றால் தேக்கிலை. மற்றவர்கள் விழுந்த முள்ளைப் பொறுக்கி எழுதுவார்கள். சுப்புராயன் சொந்த முதுகிலிருந்து பிடுங்கி எழுத வேண்டும். இந்தப் புத்தகம் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது, எந்த மண்ணில் சோதித்தேன், எந்தப் பக்கத்தில் சொன்னதைச் செய்தால் என்ன ஆகிறது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று ஒன்று விடாமல் எழுதினார். பாராட்ட வேண்டியதையும் விடவில்லை. 'பன்னிரண்டாம் பக்கத்தில் மண்ணை முகர்ந்து ஈரம் கண்டுபிடிக்கும் முறை அருமை, இதற்காகவே ஆசிரியரைக் கையெடுத்துக் கும்பிடலாம்' என்று முதல் இலையிலேயே போட்டார். மொத்தம் பதினான்கு இலை வந்தது. ஓர் இலைக்கு ஒரு முள் மழுங்கியது.

மரகதம்மாள் பதினான்கு இலையையும் வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு இலைக்கு மேல இடமில்லைங்க" என்றார். மற்ற ஆசிரியர்கள் அதிகப்படியானதை வெட்டுவார்கள். மரகதம்மாள் தின்பார். சுப்புராயன் வாயைத் திறப்பதற்குள் பதின்மூன்று இலை உள்ளே போய்விட்டது.

மறுநாள் மருதமரத்தில் மதிப்புரை தொங்கியது. 'இதற்காகவே ஆசிரியரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஐந்து நாவல்பழம். - சுப்புராயன்.'

சுப்புராயன் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மறுபடியும் பதினான்கு முள்ளைப் பிடுங்கினார்.

"முதுகைப் பாருங்க, நடுவுல வழுக்கை விழுந்துடுச்சு" என்றார் தைலம்மை.

"விழட்டும்" என்றார் சுப்புராயன்.

இந்தத் தடவை இலைகளை மன்றத்தில் கொடுக்கவில்லை. எல்லாரும் தண்ணீர் குடிக்க வரும் துறையில், மரகதம்மாளின் வாய்க்கு எட்டாத ஒரு முட்புதரின் நடுவில், வரிசையாகக் குத்தி வைத்தார். அன்று தண்ணீர் குடிக்க வந்தவர்கள் தண்ணீர் குடிக்க மறந்தார்கள். கீரி படித்தது, உடும்பு படித்தது, முயல் இரண்டு தடவை படித்தது. அவர்கள் எல்லாருமே போன ஐப்பசியில் நனைந்தவர்கள். நம்ம வீட்டில் மட்டும்தான் ஏதோ தப்பு என்று வெட்கப்பட்டு வெளியில் சொல்லாமல் இருந்தவர்கள். அத்தனை பேரும் கூட்டமாக மருதமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

மன்றம் அவசரமாகப் பொதுக்கூட்டம் போட்டது. சுப்புராயனைப் பேசச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடை ஏறிய சுப்புராயன் ஒரு வருசத்துக் கோபத்தையும் அங்கேயே கொட்டினார்.

"குறை சொல்லாத மதிப்புரை மதிப்புரையே இல்ல! குறையைச் சொல்லணும், பக்க எண்ணோட சொல்லணும்! 'எளிய நடை, எளிய நடை'ன்னு இன்னொரு தடவை எவனாவது எழுதினான்னா..." என்று ஆரம்பித்து, என்ன செய்வதென்று தெரியாமல், முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அவர் இன்னும் நிறையப் பேசினார். செய்து பார்க்க வேண்டும் என்றார். திருத்தம் சொல்ல வேண்டும் என்றார். அதெல்லாம் கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

மன்றம் உடனே 'மதிப்புரைத் தர மேம்பாட்டுக் குழு' ஒன்றை அமைத்தது. குழு ஒரு மாதம் கூடிக் கூடிப் பேசி ஒரு படிவம் தயாரித்தது. இனிமேல் எந்த மதிப்புரையானாலும் அந்தப் படிவத்தில்தான் எழுத வேண்டும். குறைகள் ஐந்து, அதற்கு எதிரே பக்க எண். ஐந்துக்குக் குறைந்தால் ஏற்கப்பட மாட்டாது. 'நூலைப் படித்தீர்களா?' என்ற கேள்வியும் இருந்தது. அதற்கு எதிரே 'ஆம்', 'இல்லை', 'பொருந்தாது' என்று மூன்று கட்டங்கள். படிவம் வாங்க நின்ற வரிசை ஓடைவரை நீண்டது. சுப்புராயனின் பதினான்கு இலைகளும் மாதிரி மதிப்புரை என்று அறிவிக்கப்பட்டு, மருதமரத்தின் உச்சாணிக் கிளையில் தொங்கவிடப்பட்டன.

படிவ வெளியீட்டு விழாவில் சுப்புராயனுக்குத்தான் முதல் படிவம் கொடுத்தார்கள். மேலும் கீழும் பார்த்தார். குறைக்குக் கட்டம் இருந்தது, பக்க எண்ணுக்குக் கட்டம் இருந்தது.

"அம்மா, எப்படித் திருத்தணும்னு எழுதக் கட்டம் எங்கே?"

"இலையில இடமில்லைங்க" என்றார் மரகதம்மாள்.

சுப்புராயன் இதற்கு மறுபேச்சு பேசியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பொன்னாடை வந்துவிட்டது. பொன்னாடை வரும்போது படிவத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? குனிந்து கொடுத்தார். போர்த்தினார்கள். அது அவர் முதுகில் பட்டதும் நாற்பது இடத்தில் கிழிந்தது. கிழிசலோடு சிரித்துக்கொண்டே நின்றார். பரிசாக 'வளை வாழ்வு' முதல் பதிப்பு ஒன்றும் கொடுத்தார்கள். கசங்காத பிரதி.

சில நாளில் கருமந்தி சிகாமணி அவரைத் தேடி மேட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சுப்புராயன் முள்ளைத் தயாராக வைத்துக்கொண்டார். சிகாமணி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் வளைக்குள்ள போனதே இல்லைங்க. போனா மூச்சு முட்டும். மரத்து மேல உட்கார்ந்து வாசலை மட்டும் பார்த்து எழுதினது அது. ஆறு பேரும் பாராட்டினதும் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சுட்டேன். ஒருத்தராவது குறை சொல்லியிருந்தா அன்னிக்கே திருத்தியிருப்பேனே. பாப்பா தண்ணி குடிச்சதுக்கு நான்தானே காரணம்?"

சொல்லும்போதே சிகாமணி அழுதுவிட்டார். சுப்புராயனுக்கும் கண் கலங்கியது. ஐந்து வளைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஐந்தாவது வளையைச் சிகாமணி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

மூன்றாம் பதிப்பு வந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், 'வாசல் ஓடைக்கு முதுகு காட்டட்டும்' என்று இருந்தது. சரிவு சரியாக இருந்தது. கிழங்கு அறை மேலே ஏறியிருந்தது. தப்பிக்க இன்னொரு வாசல் வந்திருந்தது. தோண்டின மண்ணை வெளியே கரையாகக் கட்டச் சொல்லியிருந்தது. எல்லாம் அந்தந்தப் பக்கத்திலேயே. முன்னுரையில், 'என் கண்ணைத் திறந்த நண்பர் சுப்புராயனுக்கு நன்றி' என்று ஒரு வரி. காட்டில் வளையில் வசிக்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள்.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்துவிட வேண்டும். நேர்மையாகக் குறை சொன்னால் நன்மை விளையும் என்று ஒரு நீதியைப் போட்டால் பாடப்புத்தகத்தில்கூடச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, மூன்றாம் பதிப்பு மதிப்புரைக்கும் போயிருந்தது.

முதலில் எழுதியவர் பிச்சாண்டி என்கிற பெருச்சாளி. ஒரு நாளைக்கு நாலு மதிப்புரை எழுதுகிற கை. படிவத்தை எடுத்தார், 'பொருந்தாது' என்ற கட்டத்தில் குறி போட்டார். ஐந்து குறை வேண்டும். புத்தகத்தைப் பிரித்தால் கசங்கும். அண்ணாந்து பார்த்தார். உச்சாணிக் கிளையில் மாதிரி மதிப்புரை தொங்கியது. அதில் ஐந்து குறைகள், பக்க எண்ணோடு, தயாராக இருந்தன. பிச்சாண்டி அவற்றை அப்படியே படிவத்தில் இறக்கி வைத்தார். திருத்தங்களுக்குக் கட்டம் இல்லை என்பதால் அவற்றை மட்டும் விட்டுவிட்டார்.

பிச்சாண்டிக்குத் தோன்றினது மற்ற எட்டுப் பேருக்கும் தோன்றாதா? ஒன்பது மதிப்புரைகள் வந்தன. 'பக்கம் 43: வாசல் வைக்கும் முறை முற்றிலும் தவறு. பின்பற்றினால் வெள்ளம் புகும்.' ஒன்பதிலும் அதே பக்கம், அதே வெள்ளம்.

சுப்புராயன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஐந்தாவது வளையை நாலு பேருக்கு அளவாக அகலப்படுத்துவதில் மும்முரமாக இருந்தார். ஒருநாள் கிழங்கு தேடிப் போன வழியில் கீரி வளை தோண்டிக்கொண்டிருந்தது. வாசல் ஓடையைப் பார்த்து இருந்தது.

"என்னங்க இது? புத்தகத்துல பின்னாடி வைக்கச் சொல்லியிருக்கே?" என்றார் சுப்புராயன்.

"ஆமாங்க. அது தப்புன்னு ஒன்பது பேரு எழுதியிருக்காங்க. அதான் திருப்பி வைக்கறேன்" என்றது கீரி. "முன்னெல்லாம் மதிப்புரையை நம்ப முடியாது. இப்பத்தான் தரம் உசந்துடுச்சே. எல்லாம் உங்க புண்ணியம்" என்று கும்பிடு வேறு போட்டது.

சுப்புராயன் திரும்பிப் பார்த்தார். அந்தச் சரிவு முழுக்க, உடும்பு, முயல், நரி என்று எல்லாரும் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு நேர்மாறாகக் கவனமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்தடித்துக்கொண்டு மருதமரத்தடிக்கு ஓடினார். அங்கே பிச்சாண்டியும் இருந்தார்.

"யோவ், நீ சொல்ற குறை பழைய பதிப்புல இருந்ததுய்யா! இதுல திருத்தியாச்சு!"

"ஐயா, உங்க எழுத்தைத்தான் அப்படியே எடுத்தேன்" என்றார் பிச்சாண்டி பணிவாக. "உங்களைவிட நல்லா நான் எழுதிட முடியுங்களா?"

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. புத்தகத்துல குறை இல்லைன்னு போடச் சொல்லுங்க."

"குறை இல்லைன்னு எழுதினா அது மதிப்புரையே இல்லைன்னு நீங்கதானே மேடையில சொன்னீங்க?" என்றார் மரகதம்மாள். "இந்த அஞ்சை எடுத்தா வேற அஞ்சு போடணும். உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இல்லையே!"

"அப்ப இதுவே இருக்கட்டும்."

சுப்புராயன் அன்றிலிருந்து வாசல் வாசலாக அலைந்தார். "நான் எழுதினது போன பதிப்பைப் பத்தி. இந்தப் புத்தகத்துல சொன்னபடியே செய்யுங்க, உங்க காலைப் பிடிக்கறேன்" என்று கெஞ்சினார். உடும்பு புத்தகத்தின் முன்னுரையைத் திறந்து காட்டியது.

"இதுல உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்காரு. அதானே பார்த்தேன்! பேரு வந்ததும் பேச்சு மாறிடுச்சு."

"பொன்னாடைக்கு அப்புறமே ஆளு ஒரு மாதிரி ஆயிட்டாருங்க" என்றது பக்கத்திலிருந்த முயல். பத்து வருசமாக நல்லவன் என்று பேர் எடுத்தவர் சுப்புராயன். அந்த ஒரு வாரத்தில் அது போய்விட்டது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஓடை பொங்கிச் சரிவில் ஏறி, தன்னைப் பார்த்துத் திறந்திருந்த ஒவ்வொரு வாசலிலும் நுழைந்தது. சுப்புராயன் வளையில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. தைலம்மை தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. வடிவு கால் நீட்டிப் படுத்து, இருமாமல், மூக்கடைக்காமல் தூங்கினாள்.

"சொன்னபடி செஞ்சுட்டீங்க" என்றார் தைலம்மை. சுப்புராயனுக்கு அழுகை வந்தது. ஒரு வருசமாகத் தைலம்மை கேட்டது இதைத்தான்.

அப்போது வாசலில் யாரோ இருமினார்கள்.

கீரி நின்றது, குடும்பத்தோடு. பின்னால் உடும்பு, அதன் பின்னால் முயல், முயலின் பதினோரு குட்டிகள், நரி, பிச்சாண்டி. "நம்ம காட்டில நனையாத வீடு இது ஒண்ணுதாங்க" என்றார் பிச்சாண்டி. நனைந்த குட்டிகளைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லும் மனசு சுப்புராயனுக்கு இல்லை. வழிவிட்டார். நாலு பேருக்கென்று தோண்டின வளையில் முப்பத்தொரு பேர் அடைந்தார்கள். சிகாமணியும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். "அட, உள்ளே இப்படித்தான் இருக்குமா!" என்று முதல் தடவையாக ஒரு வளையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியாக மரகதம்மாள் வந்தார். அவர் நனைந்தால் பரவாயில்லை, படிவங்கள் நனையக் கூடாதே! படிவக் கட்டை உள்ளே தள்ளினார், அதைத் தொடர்ந்து தலையையும் நுழைத்தார். அதற்கு மேல் போகவில்லை. வாசல் அடைபட்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே முனகல் ஆரம்பித்தது.

"யாரோ குத்தறாங்க" என்றது முயல்.

"எனக்கும் குத்துது" என்றது நரி.

நெருக்கியடித்த இடத்தில் இரண்டு பெரிய முள்ளம்பன்றிகள் இருந்தால் குத்தத்தான் செய்யும். எல்லாரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். வாசலில் இருந்த தலை கனைத்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைங்க முள்ளு இன்னும் மெதுவாத்தான் இருக்கு, அதுங்க இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருந்தீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியம்" என்றார் மரகதம்மாள்.

தப்பிக்க இன்னொரு வாசல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அது வழியாகச் சுப்புராயனும் தைலம்மையும் வெளியே வந்து மழையில் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்தார்கள். முதல் நாள் தைலம்மை ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "பதினாலு இலை" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் அதையும் சொல்லவில்லை. அதுதான் சுப்புராயனுக்கு ரொம்ப வலித்தது.

மழை விட்டதும் எல்லாரும் நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். உள்ளே கிழங்கு ஒன்றுகூட இல்லை. தரையில் ஒரு படிவம் கிடந்தது. பூர்த்தி செய்யப்பட்ட படிவம். 'மதிப்புரைக்கு உரியது: சுப்புராயன் வளை. குறை 1: இடம் போதாது. குறை 2: கிழங்கு இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. குறை 3: காற்று வரவில்லை, வாசல் ஓடையைப் பார்த்து இருந்திருக்கலாம். குறை 4: குத்தும் தன்மை. குறை 5: வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளோடு கலந்து பழகுவதில்லை. பக்க எண்: பொருந்தாது. நாவல்பழம்: இரண்டு.' கீழே முப்பத்தொரு கையெழுத்து. வடிவுடையதும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததும் அவள் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

சுப்புராயன் அதை இரண்டு தடவை படித்து, மடித்து, காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தார்.

தை மாதம் ஒருநாள் மன்றத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. சிகாமணியின் அடுத்த புத்தகம்: 'வெள்ளத்தில் நீந்துவது எப்படி?' கூடவே ஒரு படிவமும், சிகாமணி கைப்பட எழுதின ஒரு சீட்டும். 'ஐயா, இதுவும் மரத்து மேல் உட்கார்ந்து எழுதினதுதான். நீங்கள் ஒருவர்தான் உண்மையைச் சொல்கிறவர். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், விற்பனைக்குப் போகுமுன் திருத்திவிடுகிறேன்.'

சுப்புராயன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முன்னட்டையையும் பின்னட்டையும் திருப்பிப் பார்த்தார். தைலம்மை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்னங்க எழுதியிருக்காரு?"

"அட்டை அழகா இருக்கு தைலம்" என்றார் சுப்புராயன்.

முதுகில் புதிதாக முளைத்திருந்த முட்களில் சின்னதாக ஒன்றைப் பிடுங்கினார். 'எளிய நடை. ஒவ்வொரு வளையிலும் இருக்க வேண்டிய நூல்' என்று எழுதினார். குறைக் கட்டம் ஐந்திலும் 'அச்சுப்பிழை' என்று நிரப்பினார். ஐந்து நாவல்பழம் போட்டார். புத்தகத்தைக் கசங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, கால் நீட்டிப் படுத்தார். தரை காய்ந்திருந்தது.

நீதி: புத்தகத்தைப் பிரித்துப் படித்தவன் வீட்டில்தான் ஊரே வந்து படுக்கும். அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர் எப்படியும் நனையும், நீங்களாவது உள்ளே படுக்கலாம்.